மீந்த துண்டுகளை யார் சேர்ப்பது?

(படைப்பின் காலத்தை முன்னிட்டு வானொலியில் வழங்கப்பட்ட மறையுரை)



செப்டம்பர் முதல் நாளிலிருந்து, அசிசி நகர்ப் புனித பிரான்சிசின் திருநாளாகிய அக்டோபர் 4 வரை உள்ள நாள்களைத் திருஅவை ‘படைப்பின் காலம்’ என்று சிறப்பிக்கிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டில் ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலை நமக்குத் தந்தார். அதே ஆண்டில்தான் செப்டம்பர் முதல் நாளைப் படைப்புக்காக இறைவேண்டல் செய்யும் நாளாகவும் அறிவித்தார். 2018-இல் அந்த நாளுக்காக அவர் எழுதிய செய்தி தண்ணீரைப் பற்றியது. கடல்களில் மிதக்கும் பிளாஸ்டிக் குப்பையை நாம் கண்டும் காணாமல் விட்டுவிடக்கூடாது என்று அதில் வருந்திக் கேட்டுக்கொண்டார்.

கடலைப் பற்றிப் பேச ஆமத்தூர்க்காரர்களுக்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரையே கிடையாது. நமக்குத் தெரிந்ததெல்லாம் கரிசல் காடும், கண்மாயும், தீப்பெட்டியும், பட்டாசும்தான். நம் பிள்ளைகளில் பலர் இன்னும் கடலைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் அந்தப் பிள்ளைகள்தான் இந்த ஆண்டு நமக்குக் கடலைப் பற்றி ஒரு பாடம் நடத்தினார்கள். அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் நற்செய்திக்குப் போவோம். யோவான் நற்செய்தி ஆறாம் அதிகாரம். கலிலேயக் கடலின் அக்கரை. இயேசுவைத் தேடி ஐயாயிரம் ஆண்கள் அளவுக்கு மக்கள் கூடியிருக்கிறார்கள். பசி நேரம். கூட்டத்தில் ஒரு சிறுவனிடம் ஐந்து வாற்கோதுமை அப்பமும் இரண்டு மீனும் இருக்கின்றன. ஆண்டவர் அவற்றைக் கையில் எடுத்து, நன்றி செலுத்தி, பகிர்ந்தளிக்கிறார். எல்லாரும் வயிறாரச் சாப்பிடுகிறார்கள். பொதுவாக நம் மறையுரைகள் இந்த இடத்தோடு நின்றுவிடும். ஆனால் யோவான் அதற்கு மேலும் ஒரு வசனம் எழுதுகிறார். எல்லாரும் உண்டு முடித்தபின், எதுவும் வீணாகாதபடி மீதித் துண்டுகளைச் சேர்த்து வைக்குமாறு ஆண்டவர் சொல்கிறார். பன்னிரண்டு கூடைகள் நிரம்புகின்றன.

அந்த வசனத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் அதற்கு வருவோம்.

படைப்பின் காலத்துக்காக எங்கள் பங்கின் மறைக்கல்விப் பிள்ளைகளிடம், வீட்டில் தூக்கி எறியும் பொருள்களைக் கொண்டு கடல்வாழ் உயிர் ஒன்றைச் செய்யலாமா என்று கேட்டோம். திமிங்கலம், டால்பின், சுறா என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில் ஒரு சிறுவன் எழுந்து, “ஃபாதர், நம்ம ஊர் பேர்லயே ஆமை இருக்குல்ல, ஆமையே செய்வோம்” என்றான். அது அவனுடைய சொந்த ஆராய்ச்சி. எல்லாரும் சிரித்தோம், ஆமை என்றே முடிவாயிற்று.

மூன்று விதிகள் வைத்தோம். இதற்கென்று எதையும் புதிதாக வாங்கக்கூடாது. எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்துத்தான் கொண்டுவர வேண்டும்; வாறுகாலுக்குள் கையை விடக்கூடாது. மூன்றாவது, நம் பகுதிக்கே உரியது: வெடிக்காமல் கிடக்கும் பட்டாசையோ, மருந்து ஒட்டிய குழாயையோ, தாளையோ எவரும் தொடக்கூடாது.

முதல் விதி முதல் வாரமே உடைந்தது. ஒரு தாய் கடைக்குப் போய் இரண்டு குளிர்பானப் பாட்டில்கள் வாங்கி, பானத்தை டம்ளர்களில் ஊற்றிவிட்டு, காலிப் பாட்டில்களை மகனிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். பாவம், பிள்ளை வெறுங்கையோடு போகக்கூடாதே என்ற அக்கறைதான். ஆனால் பள்ளிகளில் ‘கழிவிலிருந்து கலை’ என்று கேட்கும்போதெல்லாம் நம் வீடுகளில் இது நடக்கிறதா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆமை உருவாயிற்று. பழைய சைக்கிள் ரிம்மும் கோழிக்கூண்டுக் கம்பிவலையும் எலும்புக்கூடு. தண்ணீர்ப் பாட்டில்களின் அடிப்பாகத்தை வெட்டினால் பூப்போல இருக்கும். அவற்றை அடுக்கி ஓடு செய்தார்கள். போன ஆண்டுக் காலண்டர் அட்டைகளும் அறுந்த செருப்புகளும் துடுப்புகள் ஆயின. ஷாம்பு சாஷேயும் பால் பாக்கெட்டும் தோல். வயிற்றை மட்டும் மூடாமல் வலையாகவே விட்டுவிட்டார்கள். “உள்ள என்ன சாப்பிட்டிருக்குன்னு எல்லாரும் பார்க்கணும், ஃபாதர்” என்றார்கள். அந்த வயிற்றுக்குள் பிளாஸ்டிக் பைகளும் உறிஞ்சு குழல்களும் கிடந்தன.

பிள்ளைகள் கற்பனையாகச் செய்யவில்லை. நம் கரைக்கு முட்டையிட வரும் சிற்றாமையைப் பங்குனி ஆமை என்று கடற்கரை மக்கள் அழைக்கிறார்கள். மிதக்கும் பிளாஸ்டிக் பையைச் சொறி என்று, அதாவது ஜெல்லி மீன் என்று, நினைத்துக் கடலாமைகள் விழுங்கிவிடுகின்றன. செரிக்காத அந்தப் பை குடலை அடைத்துவிடுகிறது. வயிறு நிறைந்ததுபோலத் தோன்ற, ஆமை பட்டினியில் சாகிறது.

ஆமையை ஆலய வாசலில் நிறுத்தினோம். செப்டம்பர் 8, அன்னை மரியாவின் பிறப்பு விழா. திருப்பலி முடிந்து வந்தவர்கள் எல்லாரும் ஆமையைச் சுற்றி நின்று பாராட்டினார்கள். செல்போனில் படம் எடுத்தார்கள். பிள்ளைகளின் தலையைத் தடவிக் கொடுத்தார்கள். பிறகு அன்பின் விருந்து. பந்தியில் வாழை இலைதான் போட்டோம். ஆனால் தண்ணீருக்கும் பாயசத்துக்கும் காகிதக் கப்பு. அதை வாங்கச் சொன்ன பட்டியலில் பங்குத்தந்தையின் கையெழுத்து இருந்தது. இதை இங்கே சொல்லாமல் விட்டால் இந்த மறையுரைக்குப் பொருளில்லை.

காகிதம்தானே என்று நாங்கள் நினைத்தோம். அந்தக் கப்பின் உட்புறம் பிளாஸ்டிக் பூச்சு உண்டு. அது இல்லாவிட்டால் தண்ணீர் ஊற்றியவுடன் ஊறிப்போகும். அந்தப் பூச்சினாலேயே அது எளிதில் மக்குவதும் இல்லை, பழைய பேப்பரோடு எடைக்குப் போவதும் இல்லை. 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட ஒருமுறை பயன்படுத்தும் பொருள்களின் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் இருக்கிறது. சட்டமும் தெரிந்திருக்க வேண்டியவர்கள், சுற்றுமடலும் படித்தவர்கள் நாங்கள். இருந்தும் வாங்கினோம்.

விருந்து முடிந்ததும் வளாகம் முழுக்கக் கப்புகள். யாரும் சொல்லாமலே பிள்ளைகள் சாக்குகளை எடுத்துக்கொண்டு சேகரிக்கத் தொடங்கினார்கள். நிழலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்த பெரியவர்களாகிய நாம், “பிள்ளைங்களுக்கு எவ்வளவு பொறுப்பு பாருங்க” என்று பெருமைப்பட்டுக்கொண்டோம். அப்போது ஆறாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி நிரம்பிய சாக்கை இழுத்துக்கொண்டு வந்தாள். கேலியாக அல்ல, உண்மையாகவே சந்தேகம் கேட்டாள்: “ஃபாதர், இவ்வளவும் ஆமை வயித்துக்குள்ள போட்டா கொள்ளாதே. இன்னொரு ஆமை செய்யவா?”

அன்பானவர்களே, இப்போது அந்த நற்செய்திக்குத் திரும்புவோம். மீதித் துண்டுகளைச் சேர்க்கும்படி இயேசு யாரிடம் சொன்னார்? அந்தச் சிறுவனிடமா? இல்லை. சீடர்களிடம் சொன்னார், வளர்ந்த ஆண்களிடம் சொன்னார். சிறுவன் தன்னிடம் இருந்ததைக் கொடுத்தான். அவன் பங்கு அதோடு முடிந்தது. கூடையைச் சுமந்தவர்கள் திருத்தூதர்கள். நாம் இதைத் தலைகீழாக மாற்றிவிட்டோம். பெரியவர்கள் உண்டு எறிகிறோம். கூடையைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு, அவர்கள் செய்த ஆமையைக் கைதட்டிப் பாராட்டுகிறோம். அந்தச் சிறுமியின் கேள்வி நமக்குக் காட்டித் தந்தது இதைத்தான்.

நாம் எறியும் கப்பு கடலுக்கு எப்படிப் போகிறது? நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இது தெரிந்த வழிதான். ஆண்டின் பெரும்பகுதி நம் ஓடைகள் காய்ந்து கிடக்கின்றன. தெருவில் எறிந்தது வாறுகாலுக்குப் போகிறது. வாறுகால் அடைத்துக்கொண்டால் ஓடைக்கரையில் கொட்டுகிறோம். அங்கேயே மாதக்கணக்கில் சேர்கிறது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கும்போது, முதல் வெள்ளம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகிறது. நமக்கு அருகிலுள்ள ஆனைக்குட்டம் அணை அர்ச்சுனா நதியில் இருக்கிறது. அது கீழே கோல்வார்பட்டி அணையைத் தாண்டி, இருக்கன்குடிப் பக்கம் வைப்பாற்றோடு சேருகிறது. வைப்பாறு தூத்துக்குடி மாவட்டத்தில் வைப்பார், சிப்பிகுளம் ஊர்களுக்கு அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. வழியில் அணைகளிலும் கண்மாய்களிலும் ஒரு பகுதி தங்கிவிடும். மிதக்கும் இலேசான பொருள்கள் மறுகால் பாயும்போது தாண்டிப் போகும்.

தீபாவளி வருவதும் அதே ஐப்பசியில்தான் என்பதைக் கவனியுங்கள். பண்டிகை இரவு வெடித்த தாளும், அட்டைப் பெட்டியும், பிளாஸ்டிக் உறையும் தெருவில் கிடக்க, பின்னாலேயே மழை வருகிறது. பட்டாசு நமக்குச் சோறு போடும் தொழில். அதைப் பழித்துப் பேச இங்கே வரவில்லை. ஆனால் வெடித்த மறுநாள் காலையில், மழை வருமுன் துடைப்பத்தை எடுப்பது, அந்தச் சோற்றை உண்ணும் நம் எல்லாருடைய கடமை.

அந்த ஆறு முடியும் இடத்தில் யார் வாழ்கிறார்கள்? நம் சகோதரர்கள். வைப்பாரும் வேம்பாரும் முத்துக்குளித்துறையின் பழம்பெரும் கத்தோலிக்கக் கடற்கரை ஊர்கள். 1542-இல் புனித பிரான்சிஸ் சவேரியார் நடந்த கரை அது. அந்தக் கரையில் சவேரியார் எப்படிப் போதித்தார் என்பது அவருடைய கடிதங்களிலிருந்து தெரிகிறது. சிறுவர்களைக் கூட்டிச் செபங்களைக் கற்றுக்கொடுத்தார். கற்றதை வீட்டில் தாய் தந்தையருக்கும் அயலாருக்கும் சொல்லிக்கொடுக்கும்படி அவர்களை அனுப்பினார். பிள்ளைகள் பெற்றோருக்குக் கற்பிப்பது நம் திருஅவைக்குப் புதிதல்ல. நம் மண்ணிலேயே நடந்தது. ஆனால் அன்று பெற்றோர் அதைக் கேட்டுத் தங்கள் வாழ்க்கையை மாற்றிக்கொண்டார்கள். பிள்ளை அழகாகச் சொல்கிறான் என்று தலையைத் தடவிவிட்டு, பழையபடியே அவர்கள் இருந்திருந்தால் முத்துக்குளித்துறையில் விசுவாசம் வேர்விட்டிருக்காது.

அந்தக் கரைக்கு எதிரேதான் மன்னார் வளைகுடாவின் தீவுகள். தூத்துக்குடியிலிருந்து இராமேசுவரம் பக்கம் வரை உள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைகளையும் 1986-இல் அரசு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. பங்குனி ஆமையும் பேராமையும் அழுங்காமையும் கடல்பசுவும் அந்த நீரில் வாழ்கின்றன. நம் மீனவச் சகோதரர்கள் வலையை இழுக்கும்போது மீனோடு குப்பையும் வருகிறது. மத்தேயு நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன வலை உவமையில், மீனவர்கள் கரையில் அமர்ந்து நல்ல மீனையும் ஆகாத மீனையும் பிரிக்கிறார்கள். இன்று அவர்கள் மீனையும் பிளாஸ்டிக்கையும் பிரிக்க வேண்டியிருக்கிறது.

கடலுக்குப் போனது அங்கேயே நின்றுவிடுவதும் இல்லை. வெயிலிலும் அலையிலும் பிளாஸ்டிக் அழிவதில்லை. கண்ணுக்குத் தெரியாத துகள்களாக உடைகிறது. தூத்துக்குடி உப்பளங்களின் உப்பிலேயே அத்தகைய நுண்துகள்கள் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அந்த உப்பு நம் சமையலறைக்குத் திரும்பி வருகிறது. ஆண்டவர் தம் சீடர்களை உப்புக்கு ஒப்பிட்டார். பழைய திருமுழுக்குச் சடங்கில் குழந்தையின் நாவில் உப்பு வைத்தார்கள். நம் குழந்தைகளின் நாவுக்கு இன்று எப்படிப்பட்ட உப்பைக் கொடுக்கிறோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டியவர்களாய் இருக்கிறோம்.

2018 நவம்பரில் இந்தோனேசியாவின் வாகடோபி தேசியப் பூங்காவில் ஒரு திமிங்கலம் இறந்து கரை ஒதுங்கியது. அதன் வயிற்றிலிருந்து ஏறக்குறைய 6 கிலோ பிளாஸ்டிக் எடுத்தார்கள். அதில் 115 கப்புகளும், 25 பைகளும், இரண்டு ரப்பர் செருப்புகளும் இருந்தன. 115 கப்பு என்பது எவ்வளவு? நம் பந்தியில் ஒரு வரிசை எழுந்து போகும்போது விட்டுச்செல்வது அவ்வளவுதான்.

செருப்பு என்றதும் இன்னொரு செய்தி. கென்யா நாட்டுக் கடற்கரையின் வடபகுதியில் கிவாயு என்ற தீவு. கடல் ஆராய்ச்சியாளர் ஜூலி சர்ச் 1990-களின் பிற்பகுதியில் அங்கே பணியாற்றினார். அலை கொண்டுவந்து குவித்த ரப்பர் செருப்புகளை வெட்டி, சிறுவர் சிறுமியர் தங்களுக்கு விளையாட்டுச் சாமான் செய்துகொண்டிருப்பதைக் கண்டார். யாரும் கற்றுக்கொடுத்ததல்ல. அதைப் பார்த்துத்தான், கரையில் ஒதுங்கும் செருப்புகளைச் சேகரித்து, கழுவி, ஒட்டிச் செதுக்கி, யானையும் ஆமையும் செய்து விற்கும் தொழிலை அந்த ஊர்ப் பெண்களோடு தொடங்கினார். இன்று ‘ஓஷன் சோல்’ என்ற பெயரில் அது நடந்து வருகிறது. பிள்ளைகள் வழி காட்டினார்கள். பெரியவர்கள் அதை வேலையாக ஏற்றுக்கொண்டார்கள்.

நம் பக்கத்திலும் எடுத்துக்காட்டு உண்டு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன், கழிவுப் பிளாஸ்டிக்கைத் தாரோடு சேர்த்துச் சாலை போடும் முறையைக் கண்டறிந்தார்; 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கேரளத்தில் கொல்லம் மீனவர்கள் 2017 முதல், வலையில் வரும் பிளாஸ்டிக்கைக் கடலிலேயே திருப்பி வீசாமல் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார்கள். அது பொடியாக்கப்பட்டுச் சாலைப் பணிக்குப் போயிற்று. இவை எல்லாம் மீந்த துண்டுகளைப் பெரியவர்கள் சேர்த்த கதைகள்.

குப்பை போட்டதெல்லாம் ஏழை எளிய மக்கள்தான் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ என்ற சரக்குக் கப்பல் தீப்பற்றியது. பிளாஸ்டிக் தொழிலுக்கான மூலப்பொருளாகிய சின்னஞ்சிறு உருண்டைகள் ஏறத்தாழ 1,680 டன் அதில் இருந்தன. நீர்கொழும்புப் பக்கத்துக் கரைகளில் அவை பனிக்கட்டிபோல் குவிந்தன. பல்லாயிரம் மீனவக் குடும்பங்கள், அவர்களில் மிகப் பலர் கத்தோலிக்கர், தொழிலுக்குப் போக முடியாமல் தவித்தார்கள். நீதி கேட்டு வழக்குத் தொடுத்தவர்களில் கொழும்புப் பேராயர் கர்தினால் மால்கம் ரஞ்சித்தும் ஒருவர். 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம், கப்பல் தரப்பினர் 100 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பெரிய பாவத்துக்குப் பெரிய கணக்கு உண்டு. அதைக் கேட்பதும் திருஅவையின் பணி. ஆனால் பெரியவர்களின் பாவத்தைச் சுட்டிக்காட்டி நம் சாக்கை மறைத்துக்கொள்ள முடியாது.

இன்னொன்றையும் இந்த மண்ணில் நின்று சொல்லியாக வேண்டும். நம் பகுதியில் ஒரு காலத்தில் குழந்தைகளின் கைகள் என்ன செய்தன? தீக்குச்சி அடுக்கின, பெட்டி ஒட்டின, பட்டாசுக் குழாய் சுற்றின. விடியுமுன் பஸ் வந்து தூக்கக் கலக்கத்திலேயே ஏற்றிக்கொண்டு போனதை நம் தாய்மார் பலர் இன்றும் சொல்வார்கள். சிவகாசித் தொழில்களில் குழந்தைகள் வேலை செய்தது பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழந்தையை வேலைக்கு வைத்தவர் ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும், அது அந்தக் குழந்தையின் நலனுக்குப் பயன்பட வேண்டும் என்றது. அந்த நிலையிலிருந்து நம் பிள்ளைகளை மீட்டுப் பள்ளிக்கு அனுப்ப எத்தனையோ பேர் உழைத்தார்கள்.

பெரியவர்களின் கடனுக்காகக் குழந்தையின் கைகள் உழைத்த ஊர் இது. அதனால்தான் நமக்கு எச்சரிக்கை கூடுதலாகத் தேவை. பிள்ளை ஆமை செய்வது விளையாட்டு, கல்வி, செபம். அதை மகிழ்ச்சியோடு செய்யட்டும். ஆனால் பெரியவர்கள் எறிந்ததை வாரிச் சுத்தம் செய்வதைப் பிள்ளைகளின் வேலையாக்கி, அதற்கு ‘விழிப்புணர்வு’ என்று பெயர் வைத்தோமானால், பழைய கடனை வேறு வடிவில் மறுபடியும் அவர்கள் தலையில் ஏற்றுகிறோம்.

அப்படியானால் அந்த ஆமையால் என்ன பயன்? ஒப்புரவு அருளடையாளத்தை நினைத்துப் பாருங்கள். முதலில் நம் பாவத்தை நாம் காண வேண்டும். பிறகு வருந்த வேண்டும். வாயால் அறிக்கையிட வேண்டும். இனிச் செய்வதில்லை என்று உறுதி எடுக்க வேண்டும். பரிகாரம் செய்ய வேண்டும். குப்பையைப் பொறுத்தவரை நமக்கு முதல் படியே கடினம். காரணம், எறிந்த கணமே அது நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. பிள்ளைகள் அதைத் தேடி எடுத்து, கழுவி, ஓர் உயிரின் வடிவம் கொடுத்து, ஆலய வாசலில் நம் கண்முன் நிறுத்தினார்கள். நம் வீட்டுப் பால் பாக்கெட்டை நாமே அடையாளம் கண்டோம். அதுதான் அந்தக் கலை நமக்குச் செய்த உதவி. மீதி நான்கு படிகளை நமக்குப் பதிலாகப் பிள்ளைகள் ஏற முடியாது.

எங்கள் பங்கில் என்ன செய்தோம் என்பதையும் சொல்லி முடிக்கிறோம். அடுத்த ஞாயிறு திருப்பலியில் கப்பு வாங்கிய தவறைப் பங்குத்தந்தை மக்கள்முன் ஒப்புக்கொண்டார். பங்குப் பேரவை கூடியது. எவர்சில்வர் டம்ளர் வாங்குவோம் என்று ஒருவர் சொன்னார். உடனே பெண்கள் பக்கமிருந்து ஒரு தாய் எழுந்தார்: “டம்ளர் வாங்கிருவீங்க ஃபாதர். கழுவுறது யாரு? நம்ம ஊர்ல தண்ணிக்கு என்ன பாடுபடுறோம்னு உங்களுக்குத் தெரியாதா?” நியாயமான கேள்வி. கப்பு நமக்குப் பிடித்துப்போனதற்குக் காரணமே, கழுவும் வேலை இல்லை என்பதுதானே? அந்த வேலையை நாம் கடலுக்கும், ஆமைக்கும், நம் பேரப்பிள்ளைகளுக்கும் தள்ளிவிட்டிருந்தோம்.

நீண்ட நேரம் பேசினோம். அன்பியங்கள் சேர்ந்து டம்ளர்கள் வாங்கின. கழுவும் முறை ஆண்களுடையது. அன்பியத்துக்கு ஒரு விழா என்று வரிசை வைத்தோம். ஓடும் குழாயில் கழுவாமல், மூன்று அண்டாக்களில் முக்கிக் கழுவினால் தண்ணீர் மிச்சமாகும் என்று கல்யாண வீடுகளில் சமைக்கும் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். சாம்பலும் சீயக்காயும் போட்டுத் தேய்த்தால், அந்தத் தண்ணீர் ஆலயத்துத் தென்னைக்குப் போகும். எங்கள் முதல் முயற்சியில் டம்ளர் சில நசுங்கின. கழுவியவர்கள் முணுமுணுத்ததும் உண்டு. பங்குத்தந்தைக்கும் முறை வந்தது. அண்டாவின் முன் உட்கார்ந்தபோதுதான், இத்தனை ஆண்டுகளாக யார் யார் நமக்காகக் குனிந்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது. பெரிய வியாழனன்று சீடர்களின் பாதங்களைக் கழுவும் சடங்கை ஆண்டுதோறும் செய்கிறவர்களுக்கு, டம்ளர் கழுவுவது அவமானமாக இருக்கக்கூடாது அல்லவா?

அன்பானவர்களே, உங்கள் வீட்டுக்கும் மூன்று சிறு செயல்களைக் கேட்கிறோம். கடைக்குப் போகும்போது மஞ்சப்பை எடுத்துச் செல்லுங்கள். வேலைக்குப் போகும்போது வீட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுபோங்கள். தீபாவளிக்கு மறுநாள் காலை, வீட்டுக்கு ஒரு பெரியவர் தம் வாசலையும் அதன் முன்னுள்ள வாறுகாலையும் மழைக்குமுன் சுத்தம் செய்யுங்கள். வெடிக்காமல் கிடப்பதைத் தண்ணீரில் நனைத்துப் பெரியவர்களே அப்புறப்படுத்துங்கள். பிள்ளைகள் அன்று தூங்கட்டும்.

அந்த ஆமை இன்னும் எங்கள் ஆலய வாசலில் நிற்கிறது. அக்டோபர் 4 முடிந்ததும் அதைப் பிரித்து, எடைக்குப் போடக்கூடியதை எடைக்குப் போடுவதாகப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம். வருகிற ஆண்டு என்ன செய்யலாம் என்று இப்போதே கேட்கிறார்கள். எங்கள் ஆசை ஒன்றுதான். அவர்கள் வீடு வீடாகப் போய்க் கேட்கும்போது, ஓடு செய்யப் போதுமான பாட்டில் கிடைக்காமல் திரும்பி வர வேண்டும். அப்போது அவர்களை வைப்பாறு கடலில் கலக்கும் இடத்துக்குக் கூட்டிப்போவோம். உண்மையான கடலை அவர்கள் பார்க்கட்டும்.

இறைவேண்டல் செய்வோம். கடலையும் அதில் நீந்தும் அனைத்தையும் படைத்து, நல்லது எனக் கண்ட தந்தையே, எங்கள் கண்மாய்க்கும் ஓடைக்கும் உம் கடலுக்கும் இடையே நீர் வைத்த உறவை நாங்கள் மறந்துபோனோம், எங்களை மன்னியும். சிறுவனின் கையிலிருந்து அப்பத்தை ஏற்றுக்கொண்ட இயேசுவே, எங்கள் பிள்ளைகள் தருவதை ஏற்று, மீந்த துண்டுகளைச் சேர்க்கும் தாழ்மையைப் பெரியவர்களாகிய எங்களுக்குத் தாரும். நீரின்மேல் அசைவாடிய தூய ஆவியாரே, வைப்பாற்றுக் கரை முதல் மன்னார் வளைகுடா வரை வாழும் எல்லா உயிர்களையும் காத்தருளும். கடலின் விண்மீனாகிய அன்னை மரியா எங்களுக்காகப் பரிந்து பேசுவாராக.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார், உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.